பாம்புக்கடி மருந்து குதிரையிலிருந்து வருகிறதா? ஆமாம், எப்படி என்று பாருங்கள்

ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: செம்பனைக்கு எலி வந்தால், எலிக்குப் பின்னாலேயே நாகமும் வரும். கடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு மருந்து மலேசியாவில் தயாராவதில்லை. பெரும்பாலும் பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் குயின் சவோவபா நினைவு நிலையத்திலிருந்துதான் வருகிறது.

அதை உருவாக்குவது குதிரைகள். விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஊசியாகப் போடுவார்கள், இடைவெளி விட்டு மறுபடியும் போடுவார்கள். குதிரையின் உடம்பு ஆன்டிபாடிகளை உற்பத்தி செய்யும். பிறகு ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்துச் சுத்திகரித்தால் மருந்து ரெடி. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கல்மெட் காட்டிய வழி இது; அடிப்படை இன்னும் மாறவில்லை.

கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால் நாக விஷத்தில் மூச்சை நிறுத்தும் நரம்பு நச்சுகள் ரொம்பச் சின்னப் புரதங்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தி அவற்றை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. சரி, டோஸைக் கூட்டலாமா? குதிரையே செத்துவிடும். எதிர்ப்பைத் தூண்ட 'அட்ஜுவன்ட்' என்ற பொருளைக் கலப்பார்கள். அதை ஒரே இடத்தில் அதிகமாகப் போட்டால் சீழ்க்கட்டி வரும். 1990களில் தாய்லாந்து விஞ்ஞானி கவி ரத்தனபனங்கூனின் குழு இதற்கு வழி கண்டது: விஷமும் குறைவு, கலவையும் குறைவு, ஆனால் கழுத்தைச் சுற்றிப் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி. மருந்தின் வீரியம் கூடியது, குதிரைக்கும் வலி குறைந்தது. இவ்வளவு எளிமையான யோசனைக்கு நூறு வருஷம் ஆகியிருக்கிறது!

நமக்கு இடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குதிரைகளுக்குப் போடுவது தாய்லாந்து நாகத்தின் விஷம். மலாக்காவில் இருப்பதோ விஷத்தைத் துப்பும் வேறொரு நாக இனம். நல்லவேளை, இரண்டும் நெருங்கிய சொந்தம். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுகளில் அந்த மருந்து நம் நாகத்தின் விஷத்தையும் முறித்திருக்கிறது. ஆனால் விரியன் வகைக்கான மருந்து நாகக்கடிக்கு உதவாது. எந்தப் பாம்பு என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

குதிரைப் புரதம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும் என்பதால், இதை வீட்டிலோ தோட்ட கிளினிக்கிலோ வைத்துப் போட முடியாது. எனவே கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். கை காலை அசைக்காமல் வைத்து 999-ஐ அழையுங்கள். தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் போதும், பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டாம். விஷம் கண்ணில் பட்டிருந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கிளம்புங்கள்.