வாங்கிய பெட்டியின் சாவி யாரிடம்?

பெக்கான் நானாஸில் எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு மின்னல் பண்பலை ஒலிக்காவிட்டால் அம்மாவுக்குப் பொழுது விடிந்த கணக்கில்லை. பல ஆண்டுகளாகப் பழைய வானொலிப் பெட்டியில் கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் தீபாவளிக்கு ஒரு புது ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தேன். உயரமும் பருமனும் எங்கள் ஊர் அன்னாசிப் பழம் அளவுதான். அதில் திருகுவதற்குக் குமிழ் கிடையாது. எல்லாமே கைப்பேசிச் செயலி வழியாகத்தான். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். பச்சை வட்டத்தைத் தொட்டால் வானொலி. அதற்குக் கீழே இருக்கும் கோட்டை வலப்பக்கம் இழுத்தால் சத்தம் கூடும். அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் அம்மா மூக்குக் கண்ணாடி போடாமலேயே அதை இயக்க ஆரம்பித்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் இரவோடு இரவாகச் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் பச்சை வட்டத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் ஏதோ பாட்டுச் சந்தாவுக்கான விளம்பரம். அதைத் தள்ளிவிட்டு உள்ளே போனால், மின்னஞ்சல் முகவரி கொடுத்துக் கணக்குத் திறக்கச் சொன்னது. அம்மாவுக்கு ஏது மின்னஞ்சல்? நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது தயங்கித் தயங்கி வந்து நின்றார். “நாந்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போலிருக்குப்பா” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அந்தச் சொல்லைக் கேட்டுத்தான். பிழை செய்தவர் அவர் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட நேரங்களில் வயதானவர்கள் எல்லாரும் முதலில் தங்களைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். வங்கிச் செயலியிலோ தொலைக்காட்சிப் பெட்டியிலோ நடந்திருக்கலாம்.

எங்கள் வீட்டு ஒலிபெருக்கி மலிவானது. அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். விலை குறைவான பொருள் என்பதால்தான் இந்தக் கதி என்று நீங்கள் நினைத்தால், சோனோஸ் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2002இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. வீட்டின் ஒவ்வோர் அறையிலும் ஓர் ஒலிபெருக்கி வைத்து, எல்லாவற்றையும் கம்பியில்லாமல் இணைத்து, ஒரே பாட்டையோ அறைக்கு ஒரு பாட்டையோ ஒலிக்கச் செய்வதில் முன்னோடி. நமக்கும் கொஞ்சம் உறவுதான்: சீனாவில் நடந்த தன் உற்பத்தியின் ஒரு பகுதியை மலேசியாவுக்கும் வியட்நாமுக்கும் மாற்றிய நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

2024 மே 7ஆம் நாள் சோனோஸ் தன் கைப்பேசிச் செயலியை அடியோடு மாற்றி எழுதி வெளியிட்டது. புதுச் செயலியைத் திறந்த வாடிக்கையாளர்கள், இருந்ததெல்லாம் காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். தூங்கப் போகும்போது பாட்டு தானாக நிற்க வைக்கும் நேரக்குறிப்பு இல்லை. எழுப்பு மணியை மாற்றியமைக்க வழியில்லை. அடுத்தடுத்து ஒலிக்க வேண்டிய பாடல்களின் வரிசையைத் திருத்த முடியவில்லை. வீட்டுக் கணினியில் சேமித்து வைத்த பாடல்களைத் தேட முடியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் சில வினாடி கழித்துக் கூடியது. சில நேரம் ஒலிபெருக்கியே கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதியை நம்பியிருந்த பார்வையற்றவர்களின் நிலை. பழைய செயலியில் அவர்கள் யார் துணையும் இல்லாமல் பாட்டுக் கேட்டார்கள். புதியதில் பொத்தான்கள் ஒழுங்காகப் பெயர் சொல்லவில்லை.

அடிப்படையை வேரோடு மாற்றத் துணிச்சல் வேண்டும் என்ற தொனியில் நிறுவனம் முதலில் பதில் சொன்னது. யாருடைய பணத்தில் துணிச்சல் என்று கேட்கத் தோன்றுகிறது. அடுத்த மாதமே அவர்களின் முதல் தலையணி ஒலிக்கருவி விற்பனைக்கு வந்தது. செயலி ஏன் அரைகுறையாக அவசரப்பட்டு வெளியானது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஜூலை 25ஆம் நாள் தலைமைச் செயல் அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்டில் கணக்கு வெளியானது: செயலியைச் சரிசெய்ய 20 முதல் 30 மில்லியன் அமெரிக்க டாலர் வரை செலவாகும், தயாராக இருந்த இரண்டு புதுப் பொருள்களின் வெளியீடு தள்ளிப் போகிறது. அதே மாதம் ஏறக்குறைய 100 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 2025 ஜனவரியில் ஸ்பென்ஸ் பதவி விலகினார். ஒரு செயலியின் தோற்றமும் உள்கட்டமைப்பும் ஒரு நிறுவனத்தையே இப்படி ஆட்டி வைக்கும் என்று பத்து ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பழைய செயலி நன்றாகத்தானே இருந்தது, அதையே திருப்பிக் கொடுத்தால் என்ன? வாடிக்கையாளர்களும் அதைத்தான் கேட்டார்கள். நிறுவனமும் யோசித்துப் பார்த்தது. சோதித்தபின், பழையதை மீண்டும் வெளியிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று கைவிட்டது. இந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது.

செயலி என்பது நம் கைப்பேசியில் தெரியும் படம் மட்டும் அன்று. பேசுபவர்கள் மூன்று பேர்: கைப்பேசியில் ஒரு மென்பொருள், ஒலிபெருக்கிக்குள் ஒரு மென்பொருள், எங்கோ தொலைவில் நிறுவனத்தின் வழங்கியில் ஒரு மென்பொருள். ஒருவர் மொழியை மாற்றினால் மற்ற இருவரும் மாற்றியாக வேண்டும். சோனோஸ் மூன்றையும் ஒருசேர மாற்றியது. வீட்டுக்குள் ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று கைப்பேசி கூவிக் கண்டுபிடிக்கும் முறைகூட மாறியது. சில வீடுகளின் வைஃபை கருவிகள் அந்தப் புதுக் கூவலைச் சரியாகக் கடத்தவில்லை. அதனால்தான் பெட்டி கண்ணெதிரே இருந்தும் செயலிக்குத் தெரியவில்லை. இணைய வழங்கியை நம்பி நடக்கும் வேலைகளும் கூடின. இவ்வளவும் மாறிய பிறகு பழைய செயலியைக் கொண்டுவருவது, வீட்டின் பூட்டையெல்லாம் மாற்றிவிட்டுப் பழைய சாவிக்கொத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பது போலத்தான்.

தொலைவில் இருக்கும் ஒருவரை நம்பி வீட்டில் பாட்டுக் கேட்பது புதிதல்ல. ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் 1949 முதல் ரீடிஃப்யூஷன் என்ற கம்பி வானொலி இருந்தது. வீட்டில் ஒரு பெட்டி. நிலையத்திலிருந்து வரும் கம்பி அதில் இணைந்திருக்கும். கம்பி அறுந்தால் பெட்டி ஊமை. ஆனால் மக்கள் அதற்கு மாதக் கட்டணம் கட்டினார்கள், பிடிக்காவிட்டால் நிறுத்தினார்கள். நாமோ கடையில் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து, ரசீது வாங்கி, சொந்தப் பொருள் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்து வருகிறோம். விலை கொடுத்தது சொந்தக்காரரைப் போல, நடத்தப்படுவது வாடகைக்காரரைப் போல. என் மனத்தாங்கல் இதுதான்.

சோனோஸில் இதற்கு முன்பும் இப்படி நடந்தது. 2005இல் வந்த அவர்களின் முதல் பெட்டியோடு, சுழற்றும் சக்கரம் வைத்த கையடக்கக் கருவி ஒன்றும் வந்தது. செயலியே தேவையில்லை. 2018இல் ஒரு மென்பொருள் மேம்படுத்தலோடு அந்தக் கருவியின் ஆயுளை முடித்துவிட்டார்கள். பலருடையது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில், பழைய ஒலிபெருக்கிகள் சிலவற்றுக்கு மே மாதத்தோடு மேம்படுத்தல் நிற்கும் என்றார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பிறகு, பழையவற்றுக்குத் தனிச் செயலி என்று இறங்கி வந்தார்கள்.

நிறுவனத் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. மென்பொருளைத் தொடாமலேயே வைத்திருந்தால் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே கிடக்கும். திருடன் உள்ளே வர வைஃபை ஒலிபெருக்கியும் ஒரு சன்னல்தான். பதினைந்து ஆண்டுப் பழைய மென்பொருளின்மீது மேலும் மேலும் ஒட்டுப்போட முடியாது என்பதும் உண்மை. ஆனால் ஓட்டையை அடைப்பது ஒரு வேலை, கதவையும் சன்னலையும் இடம் மாற்றி வைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ‘பாதுகாப்பு வேண்டுமானால் இதையும் ஏற்றுக்கொள்’ என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பொத்தான் இடம் மாறினால் என்ன, பழகிக்கொள்ளலாமே என்று சில இளைஞர்கள் சொல்வதுண்டு. கை கற்பது வேறு, தலை கற்பது வேறு என்பதை மூளை ஆய்வு எப்போதோ காட்டிவிட்டது. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு அதன்பின் புதிய நினைவுகள் தங்கவில்லை. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடியே ஒரு நட்சத்திரத்தின் விளிம்பில் கோடு வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை நான் செய்ததே இல்லை என்றார். நினைவே இல்லாமல் கை மட்டும் கற்றுக்கொண்டது. சைக்கிள் ஓட்டுவதும், இருட்டில் விளக்குச் சுவிட்சைத் தேடாமல் தட்டுவதும் இந்த வகை அறிவுதான். அம்மா கண்ணாடி போடாமல் பச்சை வட்டத்தைத் தொட்டாரே, அதுவும் அப்படித்தான். வடிவமைப்பாளர் ஓர் இரவில் அழித்தது இரண்டு மாதம் உழைத்துச் சேர்த்த அந்தக் கையறிவை. அறுபதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாகக் கற்க நேரம் கூடுதலாகப் பிடிக்கும். பழைய பழக்கம் இடையில் வந்து குறுக்கிடவும் செய்யும். இருபது வயதில் இரண்டு நிமிட எரிச்சலாகப் போவது எழுபது வயதில் தன்னம்பிக்கையையே குலைத்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 37ஆவது பிரிவு, விற்ற பொருளுக்கு நியாயமான காலம்வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளரின் கடமை என்கிறது. முன்கூட்டியே வாங்குபவரிடம் தெரிவித்துவிட்டால் அந்தக் கடமை இல்லை என்ற விலக்கும் அதிலேயே உண்டு. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் உதிரிப் பாகம் என்றால் மோட்டாரும் திருகாணியும்தான். இன்று குமிழ் இல்லாத ஒலிபெருக்கிக்குச் செயலிதான் குமிழ். ஓடிக்கொண்டிருந்த செயலியைப் பறித்துக்கொள்வது குமிழைப் பிடுங்கிக்கொண்டு போவதற்குச் சமம் என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும் என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் இதில் நமக்கு முன்னே போய்விட்டது. அங்கே 2022 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, ஒரு டிஜிட்டல் சேவையைப் பயனருக்குப் பாதகமாக மாற்றினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பாதிப்பு சிறியதாக இல்லாவிட்டால் பயனர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், பழைய வடிவத்தையே வைத்துக்கொள்ள நிறுவனம் வழி விட்டிருந்தால் தவிர.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. கைப்பேசியில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் தானியங்கி மேம்படுத்தலை நிறுத்தி வையுங்கள். புது வடிவம் வந்து ஓரிரு வாரம் கழித்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஏற்றலாம். பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெற்றோரின் கைப்பேசியில் இதை நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள், தொலைபேசியில் சொல்லி நடக்காது.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பெட்டியில் சத்தம் கூட்டக் குறைக்கப் பொத்தான் இருக்கிறதா, கம்பி சொருக ஒரு துளை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்தத் துளை இருந்தால் செயலி செத்தாலும் பெட்டி பிழைக்கும். எங்கள் ஒலிபெருக்கிக்குப் பின்னால் ரப்பர் மூடிக்குள் ஒரு துளை இருந்ததை நானே தாமதமாகத்தான் பார்த்தேன். இப்போது அம்மாவின் பழைய வானொலியிலிருந்து அதற்கு ஒரு கம்பி போகிறது. குமிழைத் திருகுகிறார், மின்னல் பண்பலை ஒலிக்கிறது. அப்புறம், கடையில் பணம் கொடுப்பதற்கு முன்னால் இணையத்தை நிறுத்திவிட்டு ஒரு பாட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் கொஞ்சம் விழிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.