ஒரு பயிற்சி அறிக்கை போகவேண்டிய இடம்

என் ராத்தாவின் மகள் தொழிற்பயிற்சியை முடித்துவிட்டாள். உணவுத் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை. கூடப் படித்தவர்கள் பிஸ்கட் கம்பனி, பால் தொழிற்சாலை என்று கொழும்புப் பக்கம் போக, இவள் கேட்டு வாங்கியது வெளிமாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் உணவகத்தை. விஷயம் தெரிந்ததும் கல்முனைக்குடியில் எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: “கென்டீன்ல சோறாக்கவா மகள் கம்பஸுக்குப் போன?”

எனக்கு அந்தக் கேள்வி வலித்தது. ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளைகள் மூன்று வேளையும் நம்பிச் சாப்பிடுகிற குசினியைவிட, உணவைப் பற்றிப் படிக்கிறவளுக்கு வேறு எந்த ஆய்வுகூடம் வேண்டும்?

பயிற்சிக் கொப்பியை அவளிடம் வாங்கி வாசித்தேன். அதிகம் எழுதியிருப்பது சோற்றைப் பற்றித்தான். காலை ஒன்பது மணிபோல ஆக்கி இறக்கிய சோறு, மூடிபோட்ட கிடாரத்தில் பிற்பகல் இரண்டு மணிவரை இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் சூடாகத்தான் தெரியும். இவள் வெப்பமானியை நடுவிலும் குத்திப் பார்த்திருக்கிறாள், ஓரத்திலும் குத்திப் பார்த்திருக்கிறாள். நடுவில் நல்ல சூடு. ஓரத்தில் 60 பாகை செல்சியஸுக்குக் கீழே. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும் என்பது உணவுப் பாதுகாப்பின் முதல் பாடம். அரிசியோடு வருகிற பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் உலையில் கொதித்தாலும் தப்பிவிடும். சோறு ஆறத் தொடங்கியதும் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியைத் தருகிற அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. ராச்சோற்றைக் காலையில் சூடுகாட்டிவிட்டால் சரி என்று நினைக்கிற நம் வீட்டுக் குசினிகளுக்கும் இது பொருந்தும்.

நம்மூர்க் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் காலத்தில் கந்தூரிச் சோறு ஆக்குகிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கிடாரம் இறங்கினால் பகிரத் தொடங்கிவிடுவார்கள். சோறு காத்திருப்பதில்லை; சனம்தான் காத்திருக்கும். படிப்பில்லாத அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது இந்த விஞ்ஞானம்தான்.

சோற்றை இரண்டு தடவையாக ஆக்குவோம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அங்கே சமையலுக்குப் பொறுப்பான மாமி மறுத்துவிட்டார். “நீங்க சொல்றது சரிதான் மகள். ரெண்டு தரம் ஆக்கினா கேஸும் கூட, ஆளும் காணாது. அந்தக் காச ஆர் தாற?” என்றாராம். அந்த மாமியின் கேள்வியை நான் மதிக்கிறேன். அவரிடமிருந்து இவள் கற்றது கொஞ்சமல்ல. எந்த அரிசி எவ்வளவு தண்ணீர் குடிக்கும், இத்தனை பேருக்கான பாலாணத்தை எப்படித் திரையாமல் இறக்குவது என்பதெல்லாம் விரிவுரை மண்டபத்தில் கிடைக்காத படிப்பு.

மிச்சச் சோற்றை நிறுத்துப் பார்த்த பக்கங்களும் கொப்பியில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில்தான் வாளிகள் நிரம்புகின்றன. கிட்டிய ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்; உலையில் போடுகிற அரிசி மட்டும் குறைவதில்லை. எத்தனை பேர் விடுதியில் தங்குகிறார்கள் என்று வியாழன் மாலையே குசினிக்கு யாராவது சொன்னால் போதும். தட்டில் ஒரு பருக்கையும் விடாமல் வழித்துச் சாப்பிடுவது சுன்னத்து என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற நமக்கு, கிடாரத்தோடு கொட்டப்படுகிற சோறு ஏன் கண்ணில் படுவதில்லை?

இது நம் ஊருக்கு வெளியே உள்ள கதை என்று விட்டுவிடவும் முடியாது. யுத்தம் நம் பிள்ளைகளின் படிப்பைக் குலைத்த காலத்தில், அன்றைய அமைச்சர் மர்ஹும் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம். நிந்தவூர் தாண்டி ஒலுவிலுக்குப் போகிற பஸ்ஸில் இன்று தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளையும் நிறையக் காணலாம். நம் பிள்ளைகள் பேராதனையிலும் ருஹுணையிலும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் உம்மாவின் கைச்சோறு தூரத்தில்.

கையில் உள்ள காசும் கணக்கானது. மாதம் 5,000 ரூபாயாக இருந்த மஹாபொல புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆனது. அந்தக் கணக்கில் நாளுக்கு 250 ரூபாய். வெளிக்கடையில் மீனோடு ஒரு பகல் சோறு சாப்பிட்டால் ராவுக்கு மிஞ்சுவது சொற்பம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அன்று ஒரு வேளையை விட்டுவிட்டுப் படிக்கப் பழகிய பிள்ளைகளை நமக்குத் தெரியும். அவர்களுக்கு கென்டீனை விட்டால் வேறு வழியில்லை.

அந்தக் கென்டீனை யார், எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் உணவுச்சாலையைத் தாமே நடத்துகின்றன. போசணையியல் படிக்கிற மாணவர்களை அங்கேயே பயிற்சிக்கு எடுக்கின்றன. உணவு ஏந்திப்போகும் தட்டங்களை எடுத்துவிட்டால் வீண்போவது குறைகிறது என்று கண்டுகொண்டதும் அந்த வளாகங்களில்தான். நமது நாட்டில் கென்டீன்கள் பெரும்பாலும் கேள்விப்பத்திரம் மூலம் ஒப்பந்தக்காரருக்குப் போகின்றன. பேச்செல்லாம் வாடகையையும் விலைப்பட்டியலையும் சுற்றியே நடக்கிறது. சோறு எத்தனை மணிநேரம் இருக்கலாம், எத்தனை தடவை ஆக்கவேண்டும் என்று நிபந்தனையில் எழுதியிருந்தால், கேஸ் செலவையும் ஆள் செலவையும் கணக்கில் சேர்த்தே ஒப்பந்தக்காரர் விலை போடுவார். மாமி கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது; அவரையோ முதலாளியையோ ஏசிப் பயனில்லை.

பயிற்சி முடிந்தது. அறிக்கையைக் கட்டிக் கொடுத்தாள், வாய்மொழிப் பரீட்சையும் முடிந்தது, புள்ளியும் வந்துவிட்டது. “இனி அந்த ரிப்போட் எங்க போகும்?” என்று கேட்டேன். “அலுமாரிக்குத்தான் சாச்சி” என்றாள்.

பல்கலைக்கழகங்களில் கென்டீன் குழுக்களில் இருக்கிற விரிவுரையாளர்களே, மாணவர் பிரதிநிதிகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன் உங்கள் பீடத்து அலுமாரியைத் திறந்து, குசினியில் பயின்ற பிள்ளைகள் எழுதிய அறிக்கைகளை எடுத்து வாசியுங்கள். அதில் சரியென்று பட்டதை நிபந்தனையாக எழுதுங்கள். அப்படி ஒரு அறிக்கையும் அங்கே இல்லையென்றால், வருகிற வருடம் ஒரு பிள்ளையையாவது உங்கள் குசினிக்குப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.