சுமையைக் கட்டுபவருக்குப் பயிற்சி கொடுப்பது யார்?

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஹைட்ரா கிரேன் ஒன்று மெஷினைத் தொங்கவிட்டபடி ஊர்ந்து போகும். சுமை ஆடாமல் இருக்க ஹெல்பர் ஒருவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடப்பார். "புடிச்சுக்கப்பா, ஆடுது பாரு" என்று டிரைவர் கத்துவார். சுமை மறைப்பதால் டிரைவருக்கு முன்பக்கம் பாதிதான் தெரியும். பெல்ட் அறுந்தாலோ, சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ முதலில் அடிபடுவது அந்த ஹெல்பர்தான். சுமையில் நீளமான கயிறு கட்டி, தள்ளி நின்று பிடித்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். இதைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதும்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியின் பெரிய கார் ஆலைகளில் அன்றாட உற்பத்திக்கான கிரேன்களை இயக்குவோருக்குப் பயிற்சி உண்டு. புது மெஷின் இறக்கும்போது, பழையதை இடம் மாற்றும்போதுதான் சிக்கல். அந்த வேலை ஒப்பந்ததாரருக்குப் போகும், அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். கடைசியில் ஹூக்கில் பெல்ட்டை மாட்டுகிறவர் அன்று காலையில்தான் கேட்டுக்குள் நுழைந்திருப்பார்.

கட்டுவது வெறும் கைவேலை இல்லை, அதில் கணக்கு இருக்கிறது. ஒரு டன் சுமையை இரண்டு பெல்ட்டில் நேராகத் தொங்கவிட்டால் ஒவ்வொன்றிலும் அரை டன் இழுவைதான். அதே பெல்ட்டுகள் சரிந்து, தரையோடு 30 டிகிரி கோணத்துக்கு வந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு ஒரு டன்னைத் தாங்க வேண்டும். வீட்டில் துணி காயப்போடும் கொடியை விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஈரப் புடவை விழுந்ததும் அறுந்துபோகிறதே, அதே கதைதான். "போன வாரமும் இதே பெல்ட்லதான் தூக்கினோம்" என்ற அனுபவம் இங்கே கைகொடுக்காது. போன வாரம் கோணம் வேறாக இருந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு கிரேன், சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும் என்றது. தாங்கும் எடையைத் தாண்டித் தூக்கக் கூடாது என்றது. கட்டுகிற ஆளைப் பற்றி அந்தப் பிரிவில் தனியாக எதுவும் இல்லை. பயிற்சி தருவது முதலாளியின் பொதுக் கடமை என்று 7ஏ பிரிவு சொன்னதோடு சரி. இரும்புக்கு வருடாவருடம் சர்டிபிகேட், ஆளுக்கு ஒன்றும் கிடையாது.

விளைவு கிரேன் ஆட்களோடு நிற்பதில்லை. இதே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், பூந்தமல்லியை அடுத்த படப்பிடிப்புத் தளத்தில் 2020 பிப்ரவரி 19 இரவு, விளக்குகளைத் தாங்கிய கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் படக்குழுவினர். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில், சோதனை ஓட்டத்தின்போது கிரேன் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

நம் ஊர் ஆட்கள் ஏராளமாகப் போய் வேலை செய்கிற சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே 2011-இல் வந்த கிரேன் விதிகளின்படி சுமையைக் கட்டுபவர், சைகை காட்டுபவர், மேற்பார்வையாளர் என மூவருமே அதற்கான பயிற்சியை முடித்திருக்க வேண்டும். தூக்கும் திட்டத்தை எழுதி வைத்த பிறகுதான் ஹூக் இறங்கும். அங்கே படித்துத் தேறிய ஒருவர் ஊர் திரும்பி ஒரகடத்தில் வேலைக்கு நின்றால், அந்தச் சான்றிதழை இங்கே கேட்பதற்கு ஆளில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நுணுக்கங்களை விதிகளுக்கு விட்டிருக்கிறது. சுமை கட்டுபவருக்கும் சைகை காட்டுபவருக்கும் கட்டாயப் பயிற்சி என்பதை அந்த விதிகளில் எழுத வேண்டும். சான்று ஒப்பந்ததாரரின் பெயரில் இல்லாமல் தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும். கம்பெனி மாறினாலும் அவரோடே போக வேண்டும். பயிற்சி தமிழில் மட்டும் நடந்தால் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு என்ன புரியும்? இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும், வகுப்பறையை விட ஹூக்குக்குக் கீழே நடக்க வேண்டும். "நிறுத்து" என்ற சைகையை யார் காட்டினாலும், நேற்றுச் சேர்ந்த ஹெல்பரே காட்டினாலும், கிரேன் நிற்க வேண்டும் என்பது அதில் முதல் பாடமாக இருக்கட்டும்.