பாஸ் இருக்கிறது, பஸ் எங்கே?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளியில் இருந்து ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள்! மேலே ஊர்கள் சேர்ந்தாற்போல் இல்லை. இங்கே சில வீடு, சரிவுக்கு அப்பால் சில வீடு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவச பஸ் பாஸ் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். பள்ளி நேரத்துக்கு பஸ் வரவேண்டாமா? பெற்றோர் கேட்பது இதைத்தான்.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைக்கும்தான். 5-ம் வகுப்பு வரை 1 கிலோ மீட்டருக்குள், 8-ம் வகுப்பு வரை 3 கிலோ மீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்பது விதி. 9-ம் வகுப்புக்கு? அங்கேதான் சிக்கல்!

மலையில் சீக்கிரம் இருட்டிவிடும். மாலை பஸ்சை விட்டால், மகள் காட்டுப் பாதையில் நடக்கவேண்டும். “படித்தது போதும்” என்று தாய் நிறுத்திவிட்டால், அவளைக் குறை சொல்ல முடியுமா?