இத்தாலியிலும் அதே விஷம்!

இத்தாலி நாட்டில் புரோசெக்கோ என்று ஓர் ஒயின் உண்டு. திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்வது. மூடியைத் திறந்தால் சோடாவைப் போல நுரைத்து வரும். மீனுக்கு இது பொருத்தம், பாலாடைக்கட்டிக்கு இது பொருத்தம் என்று அந்நாட்டார் ரசித்துப் பேசுவார்கள்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கிடைத்ததோ பாக்கெட் சாராயம். அரசு மதுக் கடைச் சரக்கைவிட விலை மிகக் குறைவு. கூலி வேலை முடித்து வந்தவர்கள் வாங்கிக் குடித்தார்கள்.

2024 ஜூன் 18. அன்று குடித்தவர்களுக்கு வயிற்று வலி, வாந்தி. கண் மங்கியது. மூச்சுத் திணறியது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆஸ்பத்திரிகள் நிரம்பின. 65 பேருக்கு மேல் மாண்டார்கள். பெண்களும் அதில் உண்டு. தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு.

விஷம் எது?

கல்வராயன் மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் காய்ச்சுவது பழைய கதை. அதுவும் குற்றமே. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்தது மெத்தனால். பெயிண்டு, ரசாயனத் தொழில்களுக்கு உதவும் பொருள் அது. பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். ருசியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் போனதும் பார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண்ணைத் தாக்கும். பிறகு உயிரை வாங்கும்.

"வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது" என்பார் சிலர். அதை நம்பாதீர்கள். மெத்தனாலை முறிக்கும் உணவு உலகத்தில் இல்லை. போதை தெளிந்து, பல மணி நேரம் கழித்தும் கண் மங்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இத்தாலி கற்ற பாடம்

ஒயினுக்குப் பெயர் போன இத்தாலியும் இந்த விஷத்துக்குத் தப்பவில்லை. 1986-ம் ஆண்டு, காசுக்கு ஆசைப்பட்ட சிலர் மலிவு ஒயினில் மெத்தனாலைக் கலந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள். இத்தாலி ஒயின் என்றாலே வெளிநாட்டார் முகம் சுளித்தார்கள். யோக்கியமாகத் தொழில் செய்த விவசாயிகளும் நஷ்டப்பட்டார்கள்.

அதன் பிறகு சோதனைகள் கடுமையாயின. இன்று புரோசெக்கோ புட்டியில் அரசாங்கச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் எண் இருக்கும். எண்ணைப் பிடித்துப் போனால், செய்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

இங்கே என்ன நடந்தது?

கலெக்டர் மாற்றப்பட்டார். போலீஸ் சூப்பிரண்டு சஸ்பெண்டு செய்யப்பட்டார். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா ரூ.10 லட்சம் அறிவிக்கப்பட்டது. கள்ளச் சாராயச் சாவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. 2024 நவம்பரில் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது சென்னை ஐகோர்ட்டு.

இவை எல்லாம் சாவுக்குப் பின் வந்தவை. 2023 மே மாதத்தில்தான் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டிலும் இதே மெத்தனால் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஓர் ஆண்டுதான் இடைவெளி!

மலையில் ஊறல் பானைகளை உடைத்தால் மட்டும் போதாது. மெத்தனால் பீப்பாய்க்கும் எண் வேண்டும். தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட ஒவ்வொரு லிட்டரும் எங்கே போனது என்று கணக்கு வேண்டும். குடிப்பவரின் ருசிக்குத் தெரியாத விஷத்தை, அரசாங்கத்தின் கணக்குதான் பிடிக்க முடியும்.