சொல்லாத நகைச்சுவைக்கு 37 நாள் சிறை: முனவ்வர் ஃபாரூக்கியின் வழக்கு நமக்குச் சொல்வது என்ன?

நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் மேடையேறுகிறார். கையில் எழுதி வைத்த வசனம் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பெயரையும் ஊரையும் கேட்கிறார், அவர் சொல்லும் பதிலிலிருந்தே அடுத்த சிரிப்பை உண்டாக்குகிறார். கிரவுட் ஒர்க் என்று இன்று இளைஞர்கள் அழைக்கும் கலை இது. இதன் உயிரே முன்கூட்டித் தீர்மானிக்காத பேச்சில்தான் இருக்கிறது. அவர் அடுத்து என்ன சொல்வார் என்பது அந்த நொடி வரை அவருக்கே தெரியாது.

அப்படியிருக்க, அவர் சொல்லப் போவதை முன்கூட்டியே அறிந்துவிட்டதாகக் கூறி ஒருவரைச் சிறையில் அடைக்க முடியுமா? முடியும் என்று காட்டியது முனவ்வர் ஃபாரூக்கியின் வழக்கு. அதன் பிறகு அவர் தொலைக்காட்சியில் புகழ் பெற்றுவிட்டார், வெற்றிக் கோப்பைகளும் வாங்கிவிட்டார். அதனால் அந்த வழக்கு முடிந்துபோன பழங்கதை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது எழுப்பிய கேள்விகளுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

ஜூனாகத்திலிருந்து டோங்ரிக்கு

1992 ஜனவரி 28 அன்று குஜராத்தின் ஜூனாகத்தில் பிறந்தவர் முனவ்வர். இளம் வயதிலேயே தாயை இழந்தார். பிழைப்புக்காக மும்பையின் டோங்ரி பகுதிக்கு வந்த குடும்பத்தில், படிக்க வேண்டிய வயதில் பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். பிறகு கிராஃபிக் டிசைன் கற்றுக்கொண்டு அதில் சம்பாதித்தார். ஏழை முஸ்லிம் குடியிருப்பின் வாழ்க்கை, கலவரத்தின் நினைவு, அரசியல்வாதிகளின் பேச்சு ஆகியவைதாம் அவரது நகைச்சுவைக்குச் சரக்கு. 2020இல் யூடியூபில் வெளியிட்ட காணொளிகள் அவரை நாடறியச் செய்தன. புகழோடு பகையும் வந்தது. ராமர், சீதை பெயர்கள் வரும் ஒரு நகைச்சுவைக்கும் அமித் ஷா பற்றிய கிண்டலுக்கும் எதிராகப் புகார்கள் கிளம்பின.

இந்தூரில் நடந்தது

2021 ஜனவரி 1. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் மன்ரோ கஃபே என்னும் இடத்தில் அவரது நிகழ்ச்சி. பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் மாலினி கௌரின் மகன் ஏகலவ்ய சிங் கௌர் தம் ஆட்களுடன் உள்ளே நுழைந்து நிகழ்ச்சியை நிறுத்தினார். முனவ்வர் ஆத்திரப்படாமல் அவர்களிடம் விளக்கம் சொல்ல முயன்றது காணொளியாகவே இருக்கிறது. அன்றைய நிகழ்ச்சியை அவர் தொடங்கவே இல்லை என்று அங்கிருந்தவர்கள் கூறினர். கைது செய்யப்பட்டதோ தாக்க வந்தவர்கள் அல்லர், முனவ்வரும் அவருடன் இருந்தவர்களும்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ, 298 உள்ளிட்ட பிரிவுகள் போடப்பட்டன.

புகாருடன் தரப்பட்ட காணொளிகளில் அவர் தெய்வங்களை இழிவுபடுத்தியதற்கான ஆதாரம் இல்லை என்று காவல் நிலைய அதிகாரியே செய்தியாளர்களிடம் கூறினார். ஆனாலும் அமர்வு நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. ஜனவரி 28 அன்று, சரியாக அவரது பிறந்த நாளில், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமும் மறுத்தது. அந்த ஆணையை வழங்கிய நீதிபதி ரோஹித் ஆர்யா, ஓய்வு பெற்ற பின் 2024 ஜூலையில் பா.ஜ.க.வில் சேர்ந்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

2021 பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாரிமன், கவாய் அமர்வு இடைக்கால ஜாமீன் வழங்கியது. கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகள் மீறப்பட்டிருப்பதாகக் கூறப்பட்டதை அது சுட்டிக்காட்டியது. உத்தரப் பிரதேசத்தில் இருந்த மற்றொரு வழக்கின் வாரண்டையும் நிறுத்தி வைத்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஆணையிட்ட பிறகும், மறுநாள் இரவு வெகுநேரம் கழித்தே சிறைக்கதவு திறந்தது. சொல்லாத நகைச்சுவைக்கு 37 நாட்கள்.

முனவ்வருடன் கைதானவர்களில் இந்து நண்பர்களும் இருந்தனர். அவர்களில் ஒருவரான நளின் யாதவ் பிப்ரவரி கடைசியில்தான் வெளியே வந்தார். மேடை வாய்ப்புகள் நின்றுபோய்க் கூலி வேலைக்குப் போக நேர்ந்ததாக அவர் பின்னர் நாளிதழ்களிடம் சொன்னார். முனவ்வருக்குப் பெரிய பெயர் இருந்தது, பெரிய வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். நளினுக்கு அந்தப் பெயர் இல்லை. ஒரு முஸ்லிமைக் குறிவைக்கும் வெறுப்பு, அவன் பக்கத்தில் நிற்கும் இந்துவையும் விட்டுவைப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தீர்ப்பு இல்லாத தண்டனை

சிறையிலிருந்து வந்த பிறகுதான் இரண்டாவது தண்டனை தொடங்கியது. 2021 நவம்பர் 28 அன்று பெங்களூருவில் நடக்கவிருந்த நிகழ்ச்சியை ரத்து செய்யச் சொல்லிக் காவல்துறை அமைப்பாளர்களுக்குக் கடிதம் கொடுத்தது. அவர் சர்ச்சைக்குரியவர் என்பதே காரணம். மறைந்த நடிகர் புனித் ராஜ்குமாரின் அறப்பணிகளுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது. 600க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றிருந்தன. இரண்டு மாதங்களில் 12 நிகழ்ச்சிகள் ரத்தானதாக முனவ்வர் தெரிவித்தார். "வெறுப்பு வென்றது, கலைஞன் தோற்றான்" என்று எழுதி விடைபெற்றார்.

எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. எந்த அரசாணையும் அவருக்குத் தடை விதிக்கவில்லை. ஒரு அமைப்பு மிரட்டுகிறது. மிரட்டியவரைப் பிடிக்க வேண்டிய காவல்துறை, மிரட்டப்பட்டவரை வராதே என்கிறது. மண்டப உரிமையாளர் நமக்கேன் வம்பு என்று ஒதுங்குகிறார். இப்படி ஒருவரின் பிழைப்பை அழிக்கச் சட்டமே தேவையில்லாமல் போய்விடுகிறது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 2022 ஆகஸ்ட் 20 அன்று ஹைதராபாத்தில், பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் ராஜா சிங்கின் மிரட்டலை மீறி, பலத்த காவலுடன் அவரது நிகழ்ச்சி நடந்து முடிந்தது. அதே மாத இறுதியில் டெல்லியில், விசுவ ஹிந்து பரிஷத்தின் கடிதத்துக்குப் பிறகு அனுமதி மறுக்கப்பட்டது. அதே கலைஞர், அதே சட்டம். மாறியது அரசின் மனம் மட்டுமே.

நீலகிரியிலிருந்து பார்த்தால்

நீலகிரி மக்களுக்கு இது எளிதில் விளங்கும். கூடலூரிலிருந்து கக்கநல்லா சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். நாடுகாணி வழியாக இறங்கினால் கேரளம். மூன்று மாநிலங்களிலும் செல்லும் குற்றவியல் சட்டம் ஒன்றுதான். ஆனால் சாவடிக்கு இந்தப் பக்கம் பேசக்கூடிய ஒன்றை அந்தப் பக்கம் பேச முடியுமா என்பது அந்தந்தக் காவல் நிலையத்தைப் பொறுத்ததாகிவிட்டது. அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தந்த உரிமை, சோதனைச்சாவடிக்குச் சாவடி மாறும் உரிமையாகிவிட்டது.

மலையில் வாழும் நம் சமுதாயமும் ஒரே மொழி பேசுவதில்லை. உதகை, குன்னூர் கடைவீதிகளில் தக்னி உருது பேசுவோர், கூடலூர், பந்தலூர் பக்கம் மாப்பிள்ளை மலையாளம் பேசுவோர், தமிழ் பேசுவோர் என எல்லோரும் இருக்கிறோம். முனவ்வரின் ஹிந்தியை மொழிபெயர்ப்பு இல்லாமலே ரசிக்கும் இளைஞர்கள் இங்கு உண்டு. அதைப் பார்த்து நாமும் இப்படிப் பேசிப் பார்க்கலாமே என்று கைப்பேசியைத் தூக்கும் பிள்ளைகளும் உண்டு. குன்னூரில் ஒரு சிறிய கஃபே நடத்துபவர் நாளை ஒரு மாலை நேர நகைச்சுவை நிகழ்ச்சிக்கு இடம் கொடுப்பாரா? இந்தூரிலும் பெங்களூருவிலும் நடந்ததைப் பார்த்தவர் இரண்டு முறை யோசிப்பார். அச்சத்தின் வெற்றி இப்படித்தான் மலையேறுகிறது.

தமிழ்நாடு அறிந்த கதை

எழுதி வைக்காமல் பேசும் நகைச்சுவை நமக்குப் புதிதல்ல. தெருக்கூத்தின் கட்டியங்காரன் ராஜாவையும் கேலி செய்வான், ஊர்ப் பெரியவரையும் விடமாட்டான். எம்.ஆர். ராதா அன்றாடச் செய்திகளை நாடகத்தின் நடுவே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வசனம் பேசினார். முன்கூட்டி வசனத்தைப் பார்த்து அனுமதி தரும் அரசுக்கு இது பெரிய தலைவலி. அவரது நாடகங்களைச் சுற்றி எழுந்த எதிர்ப்புகளுக்கிடையே 1954இல் சென்னை மாநில அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்குத் தொடுத்தவர் எழுத்தாளர் ஞாநி.

நம் மாநிலம் இதில் புனிதமானது என்று நாம் சொல்ல வரவில்லை. மதுவுக்கு எதிராகப் பாடியதற்காக 2015இல் பாடகர் கோவன் கைதானார். நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பு பற்றிய கேலிச்சித்திரத்துக்காக 2017இல் பாலா கைதானார். இவையும் இங்கேதான் நடந்தன.

ஆனால் நல்ல முன்மாதிரியும் இங்கிருந்து வந்திருக்கிறது. சிறுமலைக்குச் சுற்றுலா போனவர் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனதாக வேடிக்கையாகப் பதிவிட்டதற்காகப் போடப்பட்ட வழக்கை, 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. வேடிக்கையாகப் பேசும் உரிமையைப் பேச்சுரிமைக்குள்ளேயே தேட முடியும் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு அமைந்தது. 2025 மார்ச்சில் குணால் காம்ராவின் காணொளிக்காக மும்பையில் ஹேபிடாட் அரங்கம் அடித்து நொறுக்கப்பட்டபோது, விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பவர் என்ற அடிப்படையில் அவருக்கு இடைக்கால முன்ஜாமீன் தந்ததும் சென்னை உயர் நீதிமன்றம்தான். காம்ரா ஒரு நாளும் சிறையில் இருக்க நேரவில்லை. அது நல்லது. அதே நியாயம் இந்தூரில் முனவ்வருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் நம் ஆதங்கம்.

அவர் தியாகி அல்லர்

இதைச் சொல்லும்போது முனவ்வரை நாம் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. 2022 மே மாதத்தில் லாக் அப், 2024 ஜனவரி 28 அன்று பிக் பாஸ் 17 ஆகிய நிகழ்ச்சிகளில் வென்றார். ஜாமீன் மறுக்கப்பட்ட அதே தேதியில், மூன்று ஆண்டுகள் கழித்து, கோப்பை வாங்கினார். அத்தகைய நிகழ்ச்சிகள் குடும்பத்தோடு பார்க்கத் தக்கவை அல்ல என்று நம்மில் பலர் கருதுகிறோம். 2024 ஆகஸ்டில், பார்வையாளர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது கொங்கணி மக்களைப் பற்றி இழிவான சொல்லைப் பயன்படுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டார். எழுதி வைக்காத பேச்சின் ஆபத்தும் அதுதான். நாக்கு முந்திவிடுகிறது.

ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை ஏளனம் செய்யக் கூடாது, பிறர் வணங்குபவற்றை ஏசக் கூடாது என்பது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். அந்த அளவுகோலில் அவரது சில நகைச்சுவைகள் தேறா. அதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒழுக்கக் குறை வேறு, சிறைக் குற்றம் வேறு. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால்தான் 295ஏ பொருந்தும் என்று 1957லேயே உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியிருக்கிறது.

இந்த வரம்பு நமக்குச் சாதகமாக மட்டும் இருக்கக் கூடாது. நம்மைப் புண்படுத்தும் ஒரு கேலியைக் கேட்டவுடன் கைது செய் என்று காவல் நிலையத்துக்கு ஓடுவதற்கு முன், அதே அளவுகோலை நாமும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சமுதாயத்தை அழிக்கத் தூண்டும் வெறுப்புப் பேச்சு வேறு, ரசனை கெட்ட நகைச்சுவை வேறு. முதலாவதற்குச் சட்டம் வேண்டும். இரண்டாவதற்குப் பதில் சொன்னால் போதும், சில நேரம் புறக்கணித்தாலே போதும்.

இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

2024 ஜூலை 1 முதல் பழைய 295ஏ, பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆகவும், பழைய 298, 302ஆகவும் மாறியுள்ளன. 299இன் கீழ் அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுகள். ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது தானாக நடக்க வேண்டிய சடங்கல்ல. ஏன் கைது தேவை என்பதைக் காவல்துறை எழுத்தில் காட்ட வேண்டும். கைது தேவையில்லாதபோது முதலில் ஆஜராகும்படி நோட்டீஸ் தர வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. முனவ்வரை வெளியே கொண்டுவந்ததும் இந்த நெறிதான்.

ஆகவே நோட்டீஸ் வந்தால் ஒளிய வேண்டாம். வழக்கறிஞரோடு செல்லுங்கள். முழுக் காணொளியையும் பத்திரப்படுத்தி வையுங்கள், ஏனெனில் வெட்டி ஒட்டிய துண்டுகளே பெரும்பாலும் புகாராகின்றன. ஜமாஅத்துகளும் சமுதாய அமைப்புகளும் தங்கள் பகுதியில் இத்தகைய வழக்குகளை நடத்தத் தெரிந்த ஒரு வழக்கறிஞரையாவது அறிந்து வைத்திருக்க வேண்டும். கைதான பிறகு கண்டன அறிக்கை விடுவதைவிட இது பயன் தரும்.

முனவ்வருக்கு உச்ச நீதிமன்றம் வரை செல்ல வழி இருந்தது. பந்தலூரிலோ கோத்தகிரியிலோ கைப்பேசியில் நகைச்சுவை பேசும் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகனுக்கு அந்த வழி இருக்குமா? அவனுக்கும் அந்த வழி இருந்தால்தான், அவனுக்குப் பேச்சுரிமை இருக்கிறது என்று நாம் சொல்ல முடியும்.