ஆயுளுக்கும் ஒரு கைக்கடிகாரம்

சபராளிகளாய்ச் சென்று திரும்பிய நம் முன்னோர் ஊருக்குக் கொண்டுவந்த பொருள்களில், கைக்கடிகாரம் மட்டும் சில இல்லங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா போன்ற அந்தச் சுவிஸ் கடிகாரங்கள் நிலைத்தமைக்குக் காரணம் பெயரன்று. திறந்து, துடைத்து, எண்ணெயிட்டு, தேய்ந்த உறுப்பை மாற்றித் தர ஊரில் ஒருவரால் முடிந்தது. ஆயுளுக்கும் உழைக்கும் இயந்திரக் கடிகாரம் வாங்க விரும்பும் சகோதரர்கள் முதலில் கருத வேண்டியது இதையே.

தொழுகையின் வக்தை அறிய இயந்திரக் கடிகாரம் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் அதைவிடத் துல்லியமானது. நாளொன்றுக்கு 10 விநாடி பிறழும் கடிகாரம் ஒரு மாதத்தில் 5 நிமிடம் பிறழ்ந்துவிடும். எனவே இது தேவையன்று, விருப்பம். ஆகுமான விருப்பத்தை மார்க்கம் தடுக்கவில்லை. வீண்விரயத்தையும் பெருமையையும் தடுக்கிறது. வட்டித் தவணையில்தான் வாங்க இயலும் என்றால், இக்கட்டுரையின் எஞ்சிய பகுதியை அவர் படிக்க வேண்டியதில்லை.

நடுத்தர விலையில் டிஸ்ஸோ, ஹாமில்டன், செர்டினா, ஓரிஸ் எனப் பல பெயர்கள் உண்டு. முகப்பைப் பார்த்து மயங்குவதைவிட உள்ளே இருக்கும் இயந்திரம் எது என்று கேட்பது நன்று. ஈட்டா 2824, அதன் அமைப்பையே பின்பற்றும் செல்லிட்டா எஸ்டபிள்யூ 200 ஆகியவை மணிக்கு 28,800 முறை, அதாவது நாளொன்றுக்கு 6,91,200 முறை துடிப்பவை. உலகெங்கும் பழுதுபார்ப்போர் நன்கறிந்த இயந்திரங்கள் இவை. கழற்றி வைத்தால் ஏறத்தாழ 40 மணி நேரமே ஓடும். பவர்மேட்டிக் 80 என்பதோ 80 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றினாலும் திங்கள் காலை நின்றிராது. ஆனால் அதன் சில வகைகளில் துடிப்பைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள் செயற்கைப் பொருளால் ஆனவை. ஆயுள்தான் நோக்கம் என்றால், குறைந்த நேரமே ஓடினாலும் உலோக உறுப்புகள் கொண்ட பழைய அமைப்பையே நாம் தேர்ந்தெடுப்போம்.

நாள்தோறும் ஐவேளை உளூச் செய்யும் கைக்குத் தண்ணீர்க் காப்பு முக்கியம். 30 மீட்டர் என்று பொறித்திருப்பது 30 மீட்டர் ஆழத்தில் நீந்துவதற்கன்று. தெறிக்கும் நீரை மட்டுமே அது தாங்கும். 100 மீட்டர் குறியும் திருகி மூடும் சாவியும் இருப்பது நலம். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகிவிடும். நான்கைந்து ஆண்டுக்கொரு முறை இயந்திரத்தைத் துடைத்து எண்ணெயிடும்போது அவற்றையும் மாற்றிவிட வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். தோல் வார் ஈரத்தில் மட்கிவிடும். சில வார்களில் பன்றித்தோல் இருப்பதும் உண்டு, கேட்டே வாங்குக. எஃகுச் சங்கிலியே தக்கது, அதுவும் உளூவின்போது நகர்த்தி அடியில் நீர் செலுத்தும் அளவுக்குத் தளர்வாக. ஆண்கள் தங்கத்தைத் தவிர்ப்பது தெரிந்ததே. முலாமில் கருத்து வேறுபாடு உண்டு, எஃகு இருக்க அந்த ஐயம் எதற்கு? மிகப் பருத்த கடிகாரமும் வேண்டாம். ஸஜ்தாவில் அதன் சாவி புறங்கையில் அழுந்துவதை அணிந்தவர் அறிவர்.

தலைமுறைக்கும் நிலைக்கும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. நிலைக்கலாம், ஆனால் நம் மரணத்திற்குப் பின் கடிகாரமும் வாரிசுச் சொத்துதான். இது மகனுக்கு என்று வஸிய்யத் எழுதி வைத்தால், மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி அது செல்லாது. அவனுக்கே தர விரும்புவோர் வாழும்போதே அன்பளிப்பாகத் தந்துவிடலாம். அப்போது பிள்ளைகளிடையே நீதம் வேண்டும் என்பதால், மகளுக்கும் நிகரான ஒன்றைத் தர வேண்டியிருக்கும். கடைக்குச் செல்லும் முன்பே அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.